கூடையின் அடியில் கிடந்தவை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும். போட்டோவில் ஓர் இரும்புச் சட்டி. சட்டிக்குள் நறுக்கிய காளான், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, எல்லாம் பாதி வெந்து கிடக்கின்றன. அடியில் ஒரு வரி: "மேடம், ஒரு விவசாயி கேக்குறாரு, இது சாப்பிடுற காளானா?"

உப்பு போதுமா என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். கழுவி, நறுக்கி, வதக்கிய பிறகு அது என்ன காளான் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நல்லவேளை, அவர் சாப்பிட்டது அவர் வீட்டுச் சோறு. அந்த விவசாயியைக் கூப்பிட்டுச் சட்டியில் இருப்பதைக் கொட்டச் சொல்லி, கொட்டியாயிற்று என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வீட்டில் ரொம்ப வருத்தப்பட்டார்களாம். ஒரு கூடைக் காளான் வீணாகிவிட்டதாம். வருத்தப்படட்டும், உயிரோடு இருந்து வருத்தப்படட்டும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வேளாண்மைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பழைய கதை கேட்க நேரம் இருக்காது என்று தெரியும். ஆனால் ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், காளானோடு ஒருவர் உங்கள் மேஜை முன்னால் வந்து நிற்பார். நம் படிப்பில் இருந்ததெல்லாம் வைக்கோல் படுக்கையில் வளர்க்கிற காளான். தானாக முளைப்பதைப் பற்றி யாரும் நமக்கு ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. பயிர் பார்க்கிற ஆபீஸருக்குக் காளான் பார்க்கத் தெரியாதா என்பது அவர்கள் எண்ணம். தெரியாது என்று சொல்ல நமக்கும் வாய் வராது. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். முப்பது வருடத்தில் வேரோடு காளானைக் கொண்டுவந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நம் பக்கம் ஆசையாகச் சாப்பிடுவது புற்றுக்காளான். கரையான் புற்றுக்குள்ளிருந்து முளைக்கும். தண்டின் அடி வேர் மாதிரி நீண்டு, புற்றுக்குள் முழங்கை ஆழத்துக்குக்கூடப் போகும். அதுதான் அதற்கு நல்ல அடையாளம். அதைத்தான் கொண்டுவர மாட்டார்கள். பால் ஊற்றி மஞ்சள் பூசிக் கும்பிடுகிற புற்றில் மண்வெட்டி படக்கூடாது. தரையோடு தரையாகத் திருகி எடுத்துவிட்டு வேரை விட்டால்தான் அடுத்த வருடமும் வரும் என்பார்கள். மரியாதையாகத்தான் பறிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் பார்க்க வேண்டியது மட்டும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது வீட்டுச் சோதனைகள். பூண்டு போட்டு வேகவைத்தார்களாம், பூண்டு கறுக்கவில்லையாம். வெள்ளி மெட்டியைப் போட்டுப் பார்த்தார்களாம், நிறம் மாறவில்லையாம். எறும்பு மொய்த்ததாம், அதனால் நல்லதாம். ஒருவர் தன் ஆடு தின்றுவிட்டு நன்றாக நிற்கிறது என்று ஆட்டையே அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆடு எருக்கிலையைக்கூடக் கடிக்கிறது, அதற்காக எருக்கிலையில் கூட்டு வைப்பீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தச் சோதனை எதையும் நம்பாதீர்கள். மெட்டியின் நிறம் மாறாமலே ஆளைச் சாய்த்துவிடும் காளான்கள் இருக்கின்றன.

இப்போது உங்கள் போனில் வேறு ஒரு வித்தை வந்திருக்கிறது. போட்டோவைக் காட்டினால் பெயர் சொல்லி, தொண்ணூறு சதவீதம் உறுதி என்கிறது. மீதிப் பத்துச் சதவீதத்தை யார் சாப்பிடுவது?

இவ்வளவு பேசுகிறேனே, நான் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்ட வாரம். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் சான்று வாங்காதவர், பெயர் மாறிப்போனவர், கையெழுத்து விட்டுப்போனவர் என்று வாசல் வரை கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நார்க் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முத்துலட்சுமி வந்தாள்.

பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. எட்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் அவளும் புருஷனும் பாடுபட்டார்கள். வீட்டில் மாமியாரும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மாரீஸ்வரியும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் ஒன்று சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்வாள். விதைநேர்த்தி செய்யச் சொன்னால் அந்தக் கிராமத்திலேயே முதல் ஆளாகச் செய்வாள். எனக்கு அதில் ஏகப் பெருமை. கூட்டங்களில் அவளை எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்வேன்.

கூடை நிறையக் காளான். மழை விட்டதும் விடிகாலையில் பறித்ததாம். எங்கே பறித்தாய் என்று கேட்டேன். தங்கள் புஞ்சை ஓரத்துப் புற்றில்தான் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, முழுசாகச் சொல்லவுமில்லை. முழுசாகச் சொல்லும்படி நான் கேட்கவில்லை.

நான் அலட்சியமாகப் பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். விதிப்படி பார்த்தேன். அதுதான் கொடுமை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாய்த்த மேலதிகாரி, பரிசோதனைக்கு மண்ணில் மாதிரி எடுப்பதில் பெரிய கண்டிப்புக்காரர். ஓரிடத்து மண்ணைப் பார்த்து வயலைப் பற்றிப் பேசாதே, பல இடத்தில் எடு, கலக்கு, அதில் ஒரு பிடியைப் பார் என்பார். மண்ணுக்கும் விதைக்கும் அது சரி. அந்தப் பழக்கம் என் கையில் ஊறிப்போயிருந்தது. கூடைக்குள் கையை விட்டேன். மேலே ஒன்று, நடுவில் இரண்டு, ஓரத்தில் ஒன்று எடுத்தேன். நாலுக்கும் நுனி கூர்மையாக இருந்தது. குடைக்கு அடியில் மடிப்பெல்லாம் வெள்ளை. தண்டில் வளையம் இல்லை. வேர்தான் இல்லை, வழக்கம்போல. எதிரே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நல்ல காளான்தான், போய் ஆக்கு என்று அனுப்பிவிட்டேன்.

அவளுக்குச் சந்தோஷம். மேலாக இரண்டு கை அள்ளி ஒரு பேப்பரில் சுற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். என் வீடு பக்கத்திலேயே, பாளையம்பட்டியில்தான். மதியம் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் அதை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலு மணிக்கு முத்துலட்சுமியின் போன். அவள் புருஷனுக்கும் மாமியாருக்கும் நிற்காத வாந்தி, வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வர வேண்டும் என்பதால் இவள் வீட்டில் இருக்கிறாள். மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். காளான் குழம்பு, அதோடு முந்தின நாள் கோழிக் குழம்பு கொஞ்சம். கோழிக் குழம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி வந்தது தெரியுமா? அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நானும் மத்தியானம் அதே காளானத்தான் சாப்பிட்டேன் முத்துலட்சுமி. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். காளான்ல ஒண்ணுமில்ல. அந்தப் பழைய கோழிக் குழம்பக் கொட்டு" என்றேன்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே பேசினார். காளான் சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள், நீங்கள் பார்த்து அனுப்பியதாமே என்று கேட்டார். இளம் வயது டாக்டர், தன்மையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. எத்தனை வருடச் சர்வீஸ் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பார்த்துத்தான் அனுப்பினேன், நானே சாப்பிட்டிருக்கிறேன், காளானைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம் என்றேன்.

சந்தேகமே வேண்டாம். இந்த இரண்டு சொல்லைத்தான் நீங்கள் உங்கள் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறேன். அந்த டாக்டர் என் திறமையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்டது, எதிரே படுத்திருக்கும் இரண்டு பேர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை. நான் பதில் சொன்னது என் மானத்தைப் பற்றி.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் தகவல் வந்தது. முத்துலட்சுமி மகளையும் சேர்த்திருக்கிறார்களாம். மற்ற இருவரையும்விடப் பிள்ளைக்குத்தான் மோசமாம். உடம்பில் நீர்ச்சத்தே இல்லாமல் துவண்டு, கண் சொருகிவிட்டதாம். மதுரைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அந்தப் பிள்ளை மதியம் வீட்டில் இல்லை, பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டது. கோழிக் குழம்பைக் கொட்டச் சொன்னதே நான்தான். கொட்டியிருப்பாள், நான் சொன்னால் செய்கிறவள். அப்படியானால் சாயங்காலம் பிள்ளைக்கு எதைப் போட்டிருப்பாள்?

வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் திறந்துவிட்டார். அடுப்படி மூலையில் அந்த நார்க் கூடை இருந்தது. அடியில் நாலு காளான் மிச்சம். நன்றாக விரிந்து, ஓரம் தொய்ந்து போனதால் ஆக்காமல் விட்டிருக்கிறாள். ஒன்றைத் திருப்பினேன். முந்தின நாள் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மடிப்பு முழுக்க அழுக்குப் பச்சை. தண்டில் வளையம். விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்ந்தது. நாலுமே அப்படி. நான் முந்தின நாள் கையில் எடுத்துப் பார்த்தவற்றோடு இவற்றுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

புஞ்சைக்குப் போய்ப் பார்த்தேன். புற்று இருந்தது, அவள் சொன்ன இடத்தில்தான். புற்றுக்குப் பத்தடி தள்ளி, கோடையில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டிருந்த இடம். மக்கிய புழுக்கை மேல் அந்தப் பச்சை மடிப்புக் காளான் குடை குடையாக நின்றது. போகிற வழியில் முதலில் அதைப் பறித்துக் கூடையில் போட்டிருக்கிறாள், அதற்கு மேல் புற்றுக்காளானை அடுக்கியிருக்கிறாள். ஒரே மழைக்கு ஒரே இடத்தில் வந்த வெள்ளைக் காளான், அவளுக்கு எல்லாம் ஒன்று. என் கை பாதிக் கூடை வரைதான் போனது. எனக்கு அவள் அள்ளிக் கொடுத்தது மேலே இருந்ததை. அதனால்தான் நான் குத்துக்கல்லாக இருந்தேன்.

நாலைந்து இடத்து மண்ணைக் கலந்தால் வயலின் சராசரி கிடைக்கும். காளானில் சராசரி என்று ஒன்று கிடையாது. இது தெரிய எனக்கு அத்தனை வருடம் ஆனது.

வரப்பில் நின்றுகொண்டே டாக்டருக்குப் போன் போட்டேன். வேலையில் எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறேன், கலெக்டர் முன்னால் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன், இந்த நம்பரை மட்டும் இரண்டு தடவை பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப அழுத்தினேன். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்ற எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. கூடையை எடுத்துக் குப்பையில் போட்டிருந்தால் கோழிதான் காரணம் என்று கதை முடிந்திருக்கும். நேற்று நான் சொன்னது தப்பு, இரண்டு வகைக் காளான் கலந்திருந்தது என்று சொன்னேன். எப்போது சாப்பிட்டார்கள், யார் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மதுரைக்கு அவரே பேசிவிடுவதாகச் சொன்னார். மிச்சமிருப்பதை ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பச் சொன்னார்.

கடைசியில், "நேத்து நீங்க இத சொல்லியிருந்தா, வீட்ல மிச்சம் இருக்கிறதக் கொட்டச் சொல்லியிருப்பேம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மதியமே மதுரைக்குப் போனேன். மாரீஸ்வரி கையில் ஊசியோடு கண்ணை மூடிக் கிடந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் ராத்திரி பிள்ளையோடு இரண்டு வாய் சாப்பிட்டு வாந்தி எடுத்தவள்தான், முகம் காய்ந்து போயிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். கிடை போட்ட இடத்துக் காளான், என் கை அடிவரை போகாதது, டாக்டரிடம் நான் பேசியது எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டு வாங்கத்தான் போனேன் என்றே வையுங்கள்.

அவள் என்னைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கே மனசுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சு ஆபீஸரம்மா. கொட்டிருவோம்னுதான் சட்டியத் தூக்குனேன். நீங்க சொன்னீகளேன்னுதான் திரும்ப இறக்கிப் புள்ளைக்கு வச்சேன்."

மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பன்னு கேட்டது. அந்தச் செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் எல்லாரும் பார்க்க அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

பெரியவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் முத்துலட்சுமி அலுவலகம் பக்கம் வரவில்லை. விதைக்கு வரவில்லை, கூட்டத்துக்கு வரவில்லை. அந்தக் கிராமத்துக்கு நான் போனால் வீட்டுக்குள் போய்விடுவாள். நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? சக ஊழியர்கள் ஆறுதல் சொன்னார்கள். காளான் பார்ப்பது நம் வேலையே இல்லையே மேடம் என்றார் ஒருவர். வேலை இல்லைதான். அப்படியானால் அதைக் கூடை வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஐப்பசி வந்தது. ஒரு நாள் காலை அலுவலகம் திறந்ததும் முத்துலட்சுமி உள்ளே வந்தாள், அதே நார்க் கூடையோடு. வணக்கமோ நலமா என்ற கேள்வியோ கிடையாது. கூடையை மேஜையில் வைத்தாள். காளான்கள் வேரோடு இருந்தன. முழங்கை நீளத்துக்கு ஈர மண் ஒட்டிய வேர்கள், ஒன்றுகூட அறுபடவில்லை. அவள் நகக்கண்ணெல்லாம் செம்மண். ஒரு விரல் நகம் பாதி பிய்ந்திருந்தது.

"புத்த வெட்டவா செஞ்ச?" என்று கேட்டேன்.

"மம்பட்டி படல. வெரலாலதான் தோண்டுனேன். பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். கூடையை மேஜை மேல் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். இருபத்தி மூன்று. ஒவ்வொன்றின் வேரையும் தண்டையும் மடிப்பையும் பார்த்தேன். பிறகு குடைகளை மட்டும் வெட்டி, பழைய விண்ணப்பப் படிவங்களின் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். அப்படி வைத்தால் அடியிலிருந்து பொடி விழும். அதன் நிறம் பச்சையாக இருந்தால் அதுதான் அந்தச் சனியன். பொடி விழ மணிக்கணக்கில் ஆகும். நான் வேலையை ஒத்திவைத்தேன். மேஜை, அலமாரி, ஜன்னல் திண்டு எங்கும் காளான். கையெழுத்துக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். முத்துலட்சுமி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

சாயங்காலம் இருபத்தி மூன்று தாளையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெளிறிய ரோஸ் நிறம். பச்சை ஒன்றுகூட இல்லை.

"இதுல அந்தப் பச்சைக் காளான் ஒண்ணுகூட இல்ல முத்துலட்சுமி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சாப்பிடுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் எழுந்து கூடையை மட்டும் எடுத்துக்கொண்டாள். காளான் எல்லாம் மேஜையிலேயே கிடந்தன. எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று கேட்டேன்.

"எங்க வீட்ல இனிமே காளானே கெடையாது. எம்புள்ள பேரக் கேட்டாலே ஓங்கரிக்குது" என்றாள்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அலுவலகத்தையே காளான் கடையாக்கி வைத்திருக்கிறேன். அப்புறம் எதுக்குக் கொண்டு வந்தே என்று கேட்டேன்.

வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒவ்வொண்ணாப் பாக்குறீகளான்னு பாக்க வந்தேன்."

அடுத்த வாரம் கடலை விதைக்கு வந்தாள்.